நிற்கிற ரவுண்டு

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியால் ஒரு பெண்ணின் வேலையைப் பறித்துவிட முடியும் என்பது அன்று காலை பத்து மணி வரை ஜாஹ்னவிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

ஒரகடம் சாலையில் இந்தப் பக்கம் கம்பெனி, அந்தப் பக்கம் கம்பெனி, நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கும் தனியார் பல்கலைக்கழகம் அது. ஜாஹ்னவி அங்கே மெக்கானிக்கல் துறையில் உதவிப் பேராசிரியை. ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவள். ஜூலை மாதம் துணைவேந்தர் அவளைக் கூப்பிட்டு, “மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு பிரிவு ஆரம்பிக்கிறோம். நீங்கதான் பொறுப்பு” என்றபோது, பாடம் நடத்துகிற தலைவலி போதாதென்று இது வேறா என்றுதான் நினைத்தாள். இறங்கிய பிறகு வேலை அவளைப் பிடித்துக்கொண்டது.

நூலக வாசலில் நாலு படி இருந்தது. பக்கத்தில் சரிவுப் பாதை போட வைத்தாள். லிஃப்டின் சாவி செக்யூரிட்டி இடுப்பில் தொங்கியது, ஆசிரியர்கள் வந்தால் மட்டும் திறப்பார். அந்தச் சாவியைப் பிடுங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டாள். சான்றிதழ் வைத்திருக்கிற மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் கால் பங்கு தள்ளுபடி, பஸ் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. இதற்காக மட்டும் துணைவேந்தர் அறைக்கு மூன்று முறை ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

எல்லாம் தயார். ஆள்தான் வரவில்லை.

மூவாயிரத்து இருநூறு மாணவர்களில் முதல் மாதம் வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. ஜாஹ்னவியால் நம்ப முடியவில்லை. இத்தனை பேரில் ஒரே ஒருவருக்குத்தான் கால் கையில் குறையா? கண், காது எல்லாருக்கும் சரியாக இருக்கிறதா? அட்மிஷன் ஃபைல்களை எடுத்து உட்கார்ந்தாள். நான்காம் நாள் ஒரு பழைய மருத்துவச் சான்றிதழின் நகல் கிடைத்தது. பூஜா, வடக்குப்பட்டு, மெக்கானிக்கல், இறுதியாண்டு. அவள் வகுப்பிலேயே மூன்றாவது பெஞ்சில் உட்காருகிற பெண். மூன்று வயதில் இடுப்பு மூட்டில் சீழ் பிடித்ததால் இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை என்று எழுதியிருந்தது. இரண்டு வருடம் பாடம் எடுத்திருக்கிறாள், ஒரு நாள்கூட ஜாஹ்னவி அதைக் கவனித்ததில்லை.

கூப்பிட்டுக் கேட்டாள்.

“அது வேற பூஜா மேடம்” என்றாள் பூஜா.

“உன் போட்டோ ஒட்டியிருக்கேம்மா.”

“என்னை மாதிரியே இருப்பா மேடம்.”

சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் செப்டம்பர் முதல் வாரம் அவளே வந்து கதவோரம் நின்றாள். அப்பா ரகுபதிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. காண்ட்ராக்ட் ஆகஸ்டோடு முடிந்துபோயிருந்தது. கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது.

“ஃபார்ம் குடுக்கறேன் மேடம். ஆனா யாருக்கும் தெரியக் கூடாது.”

“என் பீரோவைத் தாண்டிப் போகாது.”

“கிளாஸ்ல, ஆபீஸ்ல, பிளேஸ்மென்ட்ல?”

“யாருக்கும் தெரியாதும்மா. நான் பொறுப்பு.”

ஏன் இப்படி மறைக்கிறாய் என்று ஜாஹ்னவி கேட்கவில்லை. கூச்சம் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். நாம் செய்கிற வசதிகளைப் பார்த்தால் கூச்சம் தானாகப் போய்விடும் என்றும் முடிவுகட்டிக்கொண்டாள். தீபாவளிக்குள் அவள் பீரோவில் பதினான்கு விண்ணப்பங்கள் சேர்ந்துவிட்டன. ஆறு நாற்காலிகளுக்கு நீல நிற ஸ்டிக்கர் அச்சடித்து, தன் கையாலேயே ஒட்டினாள். சக்கர நாற்காலிப் படம் போட்ட ஸ்டிக்கர்.

நவம்பரில் அந்தக் கம்பெனி வந்தது. கார் சீட் தயாரிக்கிற கம்பெனி, வல்லம் வடகாலில் தொழிற்சாலை. டிசைன் டிரெய்னி வேலைக்குப் பதினோரு பேர் வேண்டும். கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற வேலை, நல்ல சம்பளம். தொண்ணூற்றிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் பூஜாவும் ஒருத்தி. இந்த வேலை கிடைக்காவிட்டால் அவளுக்கு அடுத்து என்ன என்பதும் ஜாஹ்னவிக்குத் தெரியும், பூஜாவே சொல்லியிருந்தாள். அம்மா அம்சவல்லி போகிற பேக்கிங் லைனுக்கு மகளும் போக வேண்டும். அங்கே எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை.

காலை ஒன்பதே முக்காலுக்கு இரண்டாம் மாடி ஹாலுக்குள் ஜாஹ்னவி எட்டிப் பார்த்தாள். பொதுவாகப் பாடம் நடத்துகிறவர்களை பிளேஸ்மென்ட் ஹாலுக்குள் விட மாட்டார்கள். புதிய பிரிவின் பொறுப்பாளர் என்ற அட்டை கழுத்தில் தொங்கியதால் யாரும் தடுக்கவில்லை.

உள்ளே ஒரு நாற்காலிகூட இல்லை.

தொண்ணூற்றிரண்டு பேரும் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். சட்டையில் எண் எழுதிய அட்டை. திரையில் கம்பெனியின் படம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் கல் மாதிரி நின்றார்கள். ஒருவரும் கால் மாற்றவில்லை, சுவரில் சாயவில்லை. கம்பெனி ஆட்கள் மூன்று பேர் கையில் பேப்பரோடு பக்கவாட்டில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். நான்காவது வரிசையில், நாற்பத்தேழாம் எண்ணோடு பூஜா நின்றாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கவில்லை.

ஜாஹ்னவிக்குச் சுருக்கென்றது. வெளியே வந்து ஹால் உதவியாளர் மாரிமுத்துவைப் பிடித்தாள்.

“சேரெல்லாம் எங்க? ராத்திரியே போடச் சொன்னாங்களா இல்லையா?”

“போட்டுதான் வச்சிருந்தேன் மேடம். காலைல அவங்கதான் எடுக்கச் சொன்னாங்கோ. வருஷா வருஷம் இப்படித்தான்.”

“யாரு எடுக்கச் சொன்னா என்ன? பசங்க எவ்வளவு நேரமா நிக்கறாங்க பாருங்க.”

“மேடம், அது இன்னான்னா...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்று ஜாஹ்னவி நடந்துவிட்டாள். அடுத்த அறையில் ஸ்டிக்கர் ஒட்டிய நாற்காலிகள் இருந்தன. விண்ணப்பம் கொடுத்தவர்களில் மூன்று பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். முதலில் பூஜா. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் போனாள். அந்த நேரம் பார்த்துப் படம் முடிந்து அடுத்த படம் தொடங்குவதற்குள் ஓர் இடைவெளி. ஹால் முழுக்க நிசப்தம். அவள் செருப்புச் சத்தம் மட்டும் டக் டக்கென்று கேட்டது. பூஜாவின் பின்னால் நாற்காலியை வைத்தாள்.

பூஜா திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. “எடுத்துக்கினு போங்க மேடம்.”

“பரவாயில்ல, உட்காரும்மா.”

“இது எனக்கில்ல மேடம்.”

“உனக்குத்தான். கால் வலியோட நிக்கணும்னு ஒண்ணுமில்ல. இது உன் உரிமை.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த நிசப்தத்தில் கடைசி வரிசைவரை கேட்டது. தொண்ணூற்றோரு தலைகள் திரும்பின. பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தவர்களில் மூத்தவர், கண்ணாடி போட்டவர், நின்றார். நாற்காலியைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். பூஜாவின் அட்டையைப் பார்த்தார். பேப்பரில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நடந்தார்.

பூஜாவின் முகத்தில் இருந்த நிறம் அப்படியே இறங்கிப்போனது. ஒரு மனித முகம் அத்தனை வேகமாக வெளுக்கும் என்பதை ஜாஹ்னவி அன்றுதான் பார்த்தாள். என்னவோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை. இரண்டு வரிசை தள்ளி நிவாஸ் நின்றான், ஒரு காது கேட்காத பையன், விண்ணப்பம் கொடுத்த மூன்று பேரில் ஒருவன். அவளைப் பார்த்து மிக லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம். என்கிட்ட வராதீங்க.

ஜாஹ்னவி அந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். 

“இப்ப சொல்லுங்கண்ணா” என்றாள் மாரிமுத்துவிடம். “வருஷா வருஷம் என்ன நடக்குது?”

மாரிமுத்து அவளைப் பாவமாகப் பார்த்தார். “நிக்கிற ரவுண்டு மேடம். படம் காட்றேன்னு இருபத்தஞ்சு நிமிஷம் நிக்க வைப்பாங்கோ. எவன் கால் மாத்துறான், எவன் சாயுறான், எவன் உக்கார எடம் தேடுறான்னு பாத்து புள்ளி வைப்பாங்கோ. புள்ளி வாங்குனவன் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். பசங்க எல்லாத்துக்கும் தெரியும். காலேஜ் பஸ்ல ஃபைனல் இயர் பசங்க சீட்டு காலியா இருந்தாலும் உக்காராது, பாத்ததில்லையா நீங்க?”

“நான் ஸ்கூட்டர்ல வரேன்.”

“அதான். அந்தப் பொண்ணு வடக்குப்பட்டுலேருந்து மூணு மாசமா நின்னுக்கினேதான் வருது. டிரைவர் திட்டுவாரு, உக்காரு பாப்பான்னு. உக்காராது.”

 ஜாஹ்னவி நான்கு வருடமாக இந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறாள். பக்கத்து அறையில் நடக்கிற ஒன்று, ஹால் உதவியாளருக்குத் தெரிந்திருக்கிறது, பஸ் டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது, மூவாயிரம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை.

பத்தேகாலுக்குப் பட்டியல் படித்தார்கள். அறுபத்தோரு பேர் அடுத்த சுற்றுக்கு. முப்பத்தோரு பேர் வெளியே. நாற்பத்தாறு படித்தார்கள், நாற்பத்தெட்டு படித்தார்கள். நாற்பத்தேழு படிக்கவில்லை.

பூஜா மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடது ஷூவுக்குள்ளிருந்து தடிமனான ரப்பர் கட்டையை உருவிப் பைக்குள் போட்டாள். குதிகால் ரத்தமாகச் சிவந்திருந்தது.

“பூஜா...”

“பதினெட்டு நிமிஷம் ஓடிடுச்சி மேடம்.” அவள் நிமிரவில்லை. “எனக்கு முப்பது நிமிஷம் தாங்கும். பஸ்ல நின்னு நின்னு பழக்கிக்கினேன். இன்னும் ஏழு நிமிஷம்தான்.”

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது.”

“யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்க. நாலு வருஷமா என் பக்கத்துல உக்கார்றவளுக்கே தெரியாது. ஒரே ஒரு சேரு. மொத்த காலேஜுக்கும் தெரிஞ்சிப்போச்சி.”

“நீ ஏன் என்கிட்ட சொல்லலை, இப்படி ஒரு ரவுண்டு இருக்குன்னு?”

பூஜா அப்போதுதான் நிமிர்ந்தாள். “நீங்க கேக்கவே இல்லியே.”

 ஜாஹ்னவி திரும்பி ஹாலுக்குள் போனாள். கண்ணாடி போட்டவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெயர் சங்கரநாராயணன், கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற ஏஜென்சியின் அதிகாரி. அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தார்.

“நாற்பத்தேழாம் நம்பரை ஏன் எடுத்தீங்க?”

“மேடம், நீங்க கோவப்படாதிய. அந்தப் பிள்ளைக்குக் கால்ல பிரச்சினை இருக்குன்னு நீங்கதான் காட்டித் தந்திய.”

“இது டிசைன் வேலை. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து செய்யற வேலை. அதுக்கு எதுக்கு நிக்கணும்?”

“அது சரிதான்.” அவர் யோசித்தார். உண்மையாகவே இப்போதுதான் முதல் தடவையாக யோசிக்கிற மாதிரி இருந்தது. “ஆனா செக்லிஸ்ட்ல இருக்கே மேடம்.”

“என்ன செக்லிஸ்ட்?”

எடுத்துக் காட்டினார். ஓரம் மடங்கிப்போன ஒரு தாள், நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் மங்கியிருந்தது. முதல் வரி: இருபத்தைந்து நிமிடம் நிற்க வைத்துப் பார்க்கவும். இரண்டாவது: வண்ணப் புள்ளி அட்டை காட்டி நிறம் தெரிகிறதா என்று பார்க்கவும். மூன்றாவது: பத்து கிலோ பெட்டியைத் தூக்கச் சொல்லவும். தலைப்பில் என்ன இருக்கிறது என்று ஜாஹ்னவி கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். ‘லைன் ஆபரேட்டர் தேர்வு.’

“இது லைனுக்கு ஆள் எடுக்கறதுக்கான தாள்.”

“ஆமா. முன்னாடி லைனுக்கு மட்டும்தான் நாங்க ஆள் எடுத்துக் குடுத்தோம். அப்புறம் டிசைனுக்கும் எங்ககிட்டயே குடுத்துட்டாங்க. தாள் அதேதான்.”

“எத்தனை வருஷமா?”

“ஆறு வருஷம் இருக்கும்.”

“யாரும் கேக்கலையா?”

“யாரு கேப்பா மேடம்? பெட்டி தூக்குறது மட்டும் இஞ்சினீயர் பிள்ளைகளுக்கு வேண்டாம்னு நானே விட்டுட்டேன்” என்றார், அது ஒரு பெரிய சலுகை என்பது போல.

ஜாஹ்னவி நாற்காலி தேடினாள், உட்கார. ஹாலில் ஒன்றுகூட இல்லை. ஆறு வருடம். வருடத்துக்கு முப்பது பேர் என்றாலும் நூற்றெண்பது பேர். முதுகெலும்புத் தட்டு விலகியவன், சர்க்கரை நோய்க்காரன், காய்ச்சலோடு வந்தவன், மாதவிடாய் நாளில் வந்தவள். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியது தலைப்பை யாரும் படிக்காத ஒரு தாள். அனுப்பிய கம்பெனி செய்வதோ மனிதன் உட்காருகிற சீட்டு.

“உங்க டிசைன் டிபார்ட்மெண்ட்ல யாராவது வருவாங்களா?”

“ரங்கநாத் சார் ரெண்டு மணிக்கு வாராரு. கடைசி ரவுண்டு அவருதான்.”

இரண்டு மணிக்கு ரங்கநாத்தின் கார் வந்து நின்றபோது ஜாஹ்னவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்காரர், காலையிலிருந்து ஃபேக்டரியில் அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. லிஃப்டுக்குள் ஏறிய பிறகு அவள் பேச ஆரம்பித்தாள்.

“சார், உங்க டிசைன் ஆளுங்க எவ்வளவு நேரம் நின்னு வேலை பாப்பாங்க?”

“டிசைன்லயா? எட்டு மணி நேரமும் உட்கார்ந்துதான். எழுந்திருங்கன்னு நான்தான் விரட்டணும். ஏம்மா?”

“காலையில தொண்ணூத்திரெண்டு பேரை இருபத்தஞ்சு நிமிஷம் நிக்க வச்சு, கால் மாத்தினவங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க சார். உங்க வேலைக்கு. ஆறு வருஷமா இப்படித்தானாம்.”

ரங்கநாத் புன்னகைத்தார், ஏதோ விளையாட்டாகச் சொல்கிறாள் என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் புன்னகை நின்றது. சங்கரநாராயணனிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த தாளை அவள் நீட்டினாள். லிஃப்ட் இரண்டாம் மாடியில் திறந்தது, அவர் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. மறுபடி கீழே போனது. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறு வருஷமா எனக்கு வந்த எல்லாரும்...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. “நான் சொல்லிட்டே இருப்பேன்மா, ஏன் எல்லாப் பசங்களும் ஒரே மாதிரி விறைப்பா வராங்கன்னு.”

மறுபடி மேலே வந்தபோது அவர் நேராகச் சங்கரநாராயணனிடம் போனார். குரலை உயர்த்தவில்லை. “அந்த முப்பத்தோரு பேரும் வேணும். இன்னிக்கே. எல்லாருக்கும் நான் வரைபட டெஸ்ட் வைக்கறேன். உட்கார வச்சு.”

“சார், செக்லிஸ்ட்டுல...”

“அதை மடிச்சு வைங்க.”

அடுத்த அரை மணி நேரம் மாரிமுத்துவின் கையில் போன் சுட்டது. சிலர் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். வல்லக்கோட்டை வரை போய்விட்ட ஒருவன் பைக்கில் லிஃப்ட் கேட்டுத் திரும்பினான். முப்பத்தொன்றில் இருபத்தாறு பேர் வந்து சேர்ந்தார்கள். மாரிமுத்துவும் பையன்களும் நாற்காலி, எழுதும் பலகை எல்லாவற்றையும் ஹாலுக்குள் இழுத்துப் போட்டார்கள்.

பூஜா வரவில்லை. கேன்டீனில் மூலை மேஜையில் இருந்தாள். எதிரில் ஆறிப்போன டீ.

“டிசைன் ஹெட் எல்லாருக்கும் டெஸ்ட் வைக்கறார்” என்றாள் ஜாஹ்னவி. எதிரில் உட்காரவில்லை. “வரியா?”

“எனக்காகப் பேசுனீங்களா?”

“எல்லாருக்காகவும். உனக்காகவும்.”

“மறுபடியும் அந்த ஹாலா? காலைல எல்லாம் என்னைத் திரும்பிப் பாத்துச்சே, அதே ஹாலா?”

“அதே ஹால்தான்.”

பூஜா டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தாள். “அம்மாக்கு போன் பண்ணேன். பரவால்ல வா, என் லைன்லயே சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன்றாங்க. என் கால் அங்க ஒரு மாசம் தாங்காது. அது அம்மாக்கும் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் சொல்றாங்க.”

 காலையில் சொன்னதே போதும் என்று ஜாஹ்னவிக்கு இருந்தது. பூஜா டீயைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

ஹாலில் எண்பத்தெட்டு நாற்காலிகள். எண்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். ரங்கநாத் முன்னால் நின்று, “உட்காருங்க” என்றார்.

யாரும் உட்காரவில்லை.

“உட்காருங்கப்பா.”

எண்பத்தேழு பேரும் நாற்காலிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்கள். கை தொடையோடு ஒட்டியிருந்தது. பார்வை நேராக இருந்தது. ஒருவன் மட்டும் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

“சார், இதுவும் டெஸ்ட்டா?”

“எது?”

“உக்கார சொல்றது. உக்காந்தா மார்க் போவுமா சார்?”

  ரங்கநாத் திரும்பி ஜாஹ்னவியைப் பார்த்தார்.  காலையிலிருந்து அவள் கண்டதில் இதுதான் மோசம் என்று தோன்றியது. நாற்காலி இருக்கிறது. உட்காரச் சொல்கிறார்கள். இத்தனை பேரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. சங்கரநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. பூஜா உள்ளே வந்தாள். ஷூவுக்குள் ரப்பர் கட்டை இல்லை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவள் இயல்பாக நடந்தாள். இடது தோள் இறங்கி ஏறியது, இடது கால் அரை வட்டம் போட்டு முன்னால் வந்தது. நடுவழியே, அத்தனை பேர் பார்வையும் மேலே விழ, அவசரமே இல்லாமல் நடந்து முதல் வரிசைக்கு வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். வலியோடு உட்காருகிறவர்கள் உட்காருகிற மாதிரி, கையை ஊன்றி, மெதுவாக.

“பேப்பர் குடுங்க சார்” என்றாள். “எனக்கு ஏற்கெனவே போயிடுச்சி. இன்னும் போறதுக்கு மார்க் இல்ல.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிவாஸ் உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் இருந்தவன், “டேய் மச்சான், நெஜமாவா?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான். அப்புறம் நாற்காலிகள் தரையில் உரசுகிற சத்தம் ஹால் முழுக்கப் பரவியது.

ஒரு மணி நேர டெஸ்ட். பஸ்ஸில் தினமும் நான்கு மணி நேரம் உட்கார்ந்து போகிற ஒருவருக்கான சீட்டை வரைய வேண்டும், எங்கே வலிக்கும், ஏன் என்று குறிக்க வேண்டும். ஜாஹ்னவி வெளியே வராந்தாவில் மேலும் கீழும் நடந்தாள். மாரிமுத்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவள் உட்காரவில்லை.

“உக்காருங்க மேடம். உங்களுக்கு யாரும் புள்ளி வைக்க மாட்டாங்கோ.”

ஐந்து மணிக்குப் பதினோரு பெயர் படித்தார் ரங்கநாத். ஒன்பதாவது பெயர் பூஜா. நிவாஸ் பெயர் இல்லை. காலையில் அறுபத்தொன்றில் இருந்தவர்கள் சிலர் முனகினார்கள். நாங்க ஒழுங்கா நின்னோமே, எங்களுக்கு என்ன சார் கிடைச்சுது என்று ஒரு பையன் வாசலில் சங்கரநாராயணனை மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தான்.  நின்ற பதினெட்டு நிமிடம், இருபத்தைந்து நிமிடம், பஸ்ஸில் மூன்று மாதம், ஒன்றையும் யாரும் திருப்பித் தர முடியாது.

கல்லூரி பஸ்கள் வரிசையாக இன்ஜினை ஓட விட்டுக்கொண்டிருந்தன. வடக்குப்பட்டு பஸ்ஸின் படியில் பூஜா ஒரு கால் வைத்திருந்தபோது ஜாஹ்னவி ஓடிப்போய்ப் பிடித்தாள். வாழ்த்துச் சொல்லத்தான் போனாள். வந்தது வேறு.

“காலையில நான் செஞ்சதுக்கு...”

“மேடம், நீங்க அந்தச் சேரைத் தூக்கிக்கினு வந்தீங்க பாருங்க, அப்ப உங்களை ஓங்கி ஒண்ணு குடுக்கணும்போல இருந்துது.”

“இப்ப?” என்றாள் ஜாஹ்னவி.

“இப்பவும்தான்.” பூஜா சிரிக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறவும் இல்லை. “வேலை கெடைச்சதுன்றதால அது இல்லேன்னு ஆயிடுமா? நாளைக்கி கிளாஸ்ல நான் நடந்து வரணும். எல்லாம் என் காலைத்தான் பாக்கும்.”

“ஆமாம்” என்றாள் ஜாஹ்னவி. 

டிரைவர் ஹாரன் அடித்தார். பூஜா கம்பியைப் பிடித்து ஏறினாள். மேல் படியில் நின்று திரும்பினாள்.

“ஃபஸ்ட் இயர்ல எங்க தெருப் பொண்ணு ஒண்ணு கீது மேடம். கண்ணு சரியாத் தெரியாது. போர்டுல எழுதுறது ஒண்ணும் புரியாது, பக்கத்துல உக்கார்றவளைப் பாத்து எழுதிக்கினு கீது. நீங்களா போயி எதுவும் செஞ்சிடாதீங்க. ஃபைலைத் தேடாதீங்க, பேர் சொல்லிக் கூப்புடாதீங்க. நானே அவகிட்ட பேசி, அவ ஒத்துக்கினா அனுப்புறேன். வந்தான்னா மொதல்ல கேளுங்க.”

“என்னன்னு கேக்கணும்?”

“எது செஞ்சா உதவி, எது செஞ்சா ஆபத்துன்னு. அவளுக்குத்தான் தெரியும்.”

பஸ் நகர்ந்தது. உள்ளே நடுவில் இறுதியாண்டு மாணவர்கள் ஆறேழு பேர், சீட் காலியாக இருந்தும், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி வருகிறது.